அண்ணன் சரி சொன்ன நாள்

அந்த வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவன் எதைச் சொன்னாலும் "இல்லை" என்பான். இளையவள் எதைச் சொன்னாலும் "ஒருவேளை அப்படி ஆகலன்னா?" என்பாள். இந்த இரண்டுக்கும் நடுவில் அவர்களுடைய அம்மா எப்படிப் பைத்தியம் பிடிக்காமல் தப்பித்தாள் என்பது இன்றுவரை புரியாத விஷயம். மழை வரும் என்று அம்மா சொன்னால், வரவே வராது என்று அண்ணன் சண்டைக்கு நிற்பான். தங்கை சத்தமில்லாமல் குடையை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொள்வாள். அவளுக்கு ‘ஒருவேளை’ என்று பட்டப்பெயர் வைத்தவனும் அவன்தான். இருவருக்கும் தலை நரைக்க ஆரம்பித்த பிறகும் அந்தப் பெயர் போகவில்லை.

அண்ணனுக்குப் பள்ளிக்கூட வயதிலேயே சர்க்கரை நோய் வந்துவிட்டது. வயதான பிறகு மெல்ல வந்து ஒட்டிக்கொள்கிற வகை அல்ல. உடம்பு இன்சுலின் சுரப்பதையே அடியோடு நிறுத்திவிடுகிற வகை. ஊசி போட்டால்தான் உயிர். ஊசி கொஞ்சம் கூடிப்போனால் சர்க்கரை மளமளவென்று இறங்கும். மயக்கம் வரும், வலிப்பு வரும், அதற்கும் கீழே போனால் ஆளே இருக்க மாட்டான். பொதுவாக இறங்குகிற நேரத்தில் வியர்க்கும், கை நடுங்கும், பசி வயிற்றைக் கிள்ளும். இவனுக்கும் முதலில் அதெல்லாம் இருந்தது. வருஷங்கள் போகப் போக உடம்பு எச்சரிக்கை கொடுப்பதே நின்றுபோய்விட்டது. மிஞ்சியது ஒரே ஒரு அடையாளம், அதுவும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாதது. சர்க்கரை இறங்கினால் அண்ணன் எல்லாவற்றுக்கும் "சரி" என்பான்.

அதைக் கண்டுபிடித்தவள் தங்கைதான். ஒரு நாள் இருவரும் சீட்டாடிக்கொண்டிருந்தபோது, அவன் கண்ணெதிரிலேயே ஒரு சீட்டைத் திருடி மடியில் வைத்துக்கொண்டு, "நான்தான் ஜெயிச்சேன்" என்றாள். அவன் புன்னகையோடு "சரி" என்றான். உலகம் தலைகீழாகப் புரண்டாலும் அவன் வாயிலிருந்து வரக்கூடாத சொல் அது. சமையலறைக்கு ஓடிப்போய் சர்க்கரையை அள்ளிக்கொண்டு வந்து அவன் வாயில் திணித்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் கண்ணைச் சிமிட்டிவிட்டு, "சீட்ட எடுடி திருடி" என்று கத்தினான். அம்மா சாமி கும்பிடாத குறைதான்.

அண்ணன் வளர்ந்து பிரிட்ஜ் மெக்கானிக் ஆனான். பிரிட்ஜ் கெட்டுவிட்டது என்று யாராவது போன் செய்தால், "கெட்டிருக்காது, நீங்க கதவ ஒழுங்கா சாத்தியிருக்க மாட்டீங்க" என்றுதான் பேச்சைத் தொடங்குவான். கை அவ்வளவு சுத்தம் என்பதால் திட்டு வாங்கிக்கொண்டே ஆட்கள் அவனைக் கூப்பிட்டார்கள். அண்ணி தன் கல்யாணக் கதையைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்: "கட்டிக்கறீங்களான்னு கேட்டேன். உடனே சரின்னுட்டார். எனக்கு ஒரே சந்தோஷம். அதுக்குள்ள இவ ஓடிவந்து அவர் வாயில சர்க்கரைய போட்டுட்டா! தெளிஞ்சதும் மறுபடி கேட்டேன். ‘இப்ப என்ன அவசரம்’ங்கறார்."

தங்கைக்கு அவள் குணத்துக்கு ஏற்ற வேலையே கிடைத்தது. முதலில் லிஃப்ட் செய்கிற ஒரு கம்பெனியில், லிஃப்டை ஓட்டுகிற நிரலில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கும் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவில் கதவு திறந்துவிடக் கூடாது. பத்துத் தடவை ஓட்டிப் பார்த்துவிட்டுத் திறக்கவில்லை என்று சொல்வது அங்கே செல்லாது. எந்தப் பொத்தானை எந்த வரிசையில் யார் அழுத்தினாலும், நடுவில் கரண்ட் போய் வந்தாலும் திறக்காது என்று கணக்காக நிரூபித்துக் காட்ட வேண்டும். அதற்கென்று ஒரு மென்பொருள் உண்டு; அங்கே எல்லோரும் அதை செக்கர் என்பார்கள். விதிகளை எழுதிக் கொடுத்தால் அது சந்துபொந்து விடாமல் எல்லா வழியிலும் நடந்து பார்க்கும். பள்ளத்தில் போய் விழுகிற வழி ஒன்று இருந்தாலும் சிவப்பு காட்டி, அந்த வழியை அடி அடியாகச் சொல்லும். இல்லையென்றால் பச்சை. ‘ஒருவேளை’ என்று வாழ்நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவளுக்கு, எல்லா ஒருவேளைகளுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்கிற ஒன்று கிடைத்ததும் தலைகால் புரியவில்லை.

பிறகு அதே வித்தையை உடம்புக்குப் போட்டுப் பார்க்கிற ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தாள். சாப்பிட்டால் சர்க்கரை ஏறும், இன்சுலின் போனால் இறங்கும், உடம்பு உழைத்தால் இன்னும் இறங்கும், குறைந்தால் கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கொடுக்கும். இப்படி ஒவ்வொன்றையும் விதியாக எழுதி, கம்ப்யூட்டருக்குள் ஓர் உடம்பைக் கட்டினார்கள்; அதை மாடல் என்பார்கள். அந்த உடம்பின் இடுப்பில் ஒரு பம்ப். தோலுக்கு அடியில் இருக்கும் சென்சார் சொல்வதைக் கேட்டு, இன்சுலினைத் தானே கூட்டிக் குறைத்து விடுகிற பம்ப். அது வந்துவிட்டால் அண்ணன் மாதிரி ஆட்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அவள் அந்த வேலைக்குப் போனதே அதற்காகத்தான். வெளியே சொன்னதில்லை, அவ்வளவுதான்.

அவள் செக்கரிடம் கேட்ட முக்கியமான கேள்வி இது: சர்க்கரை எச்சரிக்கைக் கோட்டைத் தொட்டால், ஆபத்துக் கோட்டுக்கு இறங்குவதற்கு முன் பம்ப் காப்பாற்றிவிடுமா? எல்லா வழியிலும்? செக்கர் நடந்து நடந்து பார்த்துவிட்டுப் பச்சை காட்டியது. குழுத் தலைவர் கைதட்டினார். எதைக் கேட்டாலும் "ஆகட்டும், ஆகட்டும்" என்பவர் என்பதால் அவருக்கு ‘ஆகட்டும்’ என்றே பெயர். அதற்கு முன் அவர் கைதட்டி யாரும் பார்த்ததில்லை.

பக்கத்து ஆஸ்பத்திரியில் முதல் ஆளுக்கு பம்பை மாட்டிப் பார்க்க ஏற்பாடு நடந்தது. அந்த முதல் ஆள் யார் என்பது தங்கைக்கு அண்ணன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில்தான் தெரிந்தது.

"கையெழுத்து போட்டாச்சு," என்றான் அண்ணன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டியா?"

"எதுக்குக் கேக்கணும்? கணக்கு போட்டது நீதானே?"

"அதுக்கில்லண்ணா. ஒருவேளை..."

"பச்சை வந்துச்சா, இல்லையா?"

"வந்துச்சு."

"அப்புறம் என்ன ஒருவேளை? ஆளப் பாரு."

அவன் யாரையும் எதிலும் நம்பியதில்லை. டாக்டர் கொடுத்த அளவையே சந்தேகப்படுகிறவன், அவள் சொன்ன பச்சையை நம்பி இடுப்பை நீட்டிவிட்டான். அன்று அவளுக்குப் பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

சோதனை நாள் வந்தது. சொந்தக்காரர்கள் வார்டுக்குள் வரக் கூடாது என்பது விதி. சோதனையின் முடிவில் யாருடைய பாசமும் கலந்துவிடக் கூடாதாம். காலையில் அண்ணி வரவேற்பில் விசாரித்துவிட்டு வீடு திரும்பியதும் போன் செய்து, அவனுக்கு ரொட்டியும் முட்டையும் கொடுத்தார்கள் என்றும், ரொட்டி காய்ந்திருக்கிறது என்று நர்சோடு ஒரு சண்டை முடித்துவிட்டான் என்றும் சொன்னாள். நல்ல சகுனம்தான். ஆனாலும் தங்கைக்கு இருப்புக் கொள்ளவில்லை. சும்மா இருந்தால் பித்துப் பிடித்துவிடும் என்று ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டாள். தலைவர் ஒரு கூட்டத்தில் காட்டுவதற்கு அழகான படம் ஒன்று கேட்டிருந்தார். சர்க்கரை இறங்கி எச்சரிக்கைக் கோட்டைத் தொடுகிறது, பம்ப் விழித்துக்கொள்கிறது, சர்க்கரை மறுபடி ஏறுகிறது. அப்படி ஒரு வழியை எடுத்துக் கொடு என்று செக்கரிடம் கேட்டாள். எல்லா வழியையும் நடந்து பார்த்த செக்கருக்கு அது சப்பை வேலை.

அப்படி ஒரு வழி இல்லை என்றது செக்கர்.

எழுத்துப் பிழை என்று நினைத்து மறுபடி கேட்டாள். இல்லை. பம்பை விட்டுவிட்டு, சர்க்கரை எச்சரிக்கைக் கோட்டைத் தொடுகிற ஏதாவது ஒரு வழி காட்டு, எப்படி இருந்தாலும் பரவாயில்லை என்று கேட்டாள். அதுவும் இல்லை. அவளுடைய கம்ப்யூட்டர் உடம்பில் சர்க்கரை அந்தக் கோட்டை ஒருநாளும் தொடுவதே இல்லை.

இந்த வேலையில் இருக்கிறவர்களுக்கு மட்டுமே வாய்க்கிற சறுக்கல் இது. "எங்க வீட்டுக்குள்ள யானை நுழைஞ்சா நான் ஒத்தை ஆளா அடக்கிடுவேன்" என்று ஒருவன் சவால் விட்டால், அவனை யாராலும் பொய்யன் என்று நிரூபிக்க முடியாது. யானை வரப்போவதில்லை. ‘கோட்டைத் தொட்டால் பம்ப் காப்பாற்றுமா’ என்று அவள் கேட்டாள். தொடவே தொடாத உடம்பில் அதற்குப் பதில் எப்போதும் பச்சைதான். பம்ப் காப்பாற்றும் என்று அந்தப் பச்சை சொல்லவே இல்லை. பம்புக்கு வேலையே வரவில்லை என்றுதான் சொன்னது.

ஏன் தொடவில்லை? விதிகளை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வந்தவளின் கண் கல்லீரலில் நின்றது. சர்க்கரை குறையத் தொடங்கியதும் கல்லீரல் தன் சேமிப்பை அள்ளிக் கொடுத்துவிடுகிறது, ஒவ்வொரு தடவையும், தாமதமே இல்லாமல். நோயில்லாதவனின் கல்லீரல். புத்தகத்திலிருந்து அப்படியே எடுத்து எழுதியிருந்தாள். இந்த நோயோடு பல வருஷம் வாழ்ந்த உடம்பில் கல்லீரலுக்கு அந்தக் கட்டளையே போவதில்லை என்பது அவளுக்குத் தெரியாதா? சர்க்கரை டப்பாவோடு ஓடியவளே அவள்தானே! வீட்டில் தெரிந்திருந்ததை வேலையில் மறந்துவிட்டாள். ஊரில் உள்ள எல்லா ஒருவேளைகளையும் கேட்டவள், தன் அண்ணனின் ஒருவேளையைக் கேட்காமல் விட்டுவிட்டாள்.

அந்த விதியை மாற்றினாள். கல்லீரல் கொடுக்காது. செக்கரை ஓட்டினாள். காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை. சிவப்பு. பள்ளத்துக்குப் போகிற வழியையும் வரிசையாகக் காட்டியது: சாப்பாடு, அதற்கான இன்சுலின், உடம்புக்கு உழைப்பு. அப்போது சர்க்கரை வேகமாக இறங்குகிறது, சென்சார் பின்தங்கிப் பழைய அளவையே சொல்கிறது, பம்ப் தாமதமாக நிற்கிறது, ஏற்கனவே உள்ளே போன இன்சுலின் விடாமல் இறக்குகிறது.

வார்டில் அன்றைய ஏற்பாடும் அதுதான். காலைச் சாப்பாடு, பிறகு சைக்கிள் மிதிப்பது.

வார்டுக்குப் போன் போட்டாள். யாரும் எடுக்கவில்லை. அண்ணனின் போன் அணைந்திருந்தது. உள்ளே போகும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள். தலைவரின் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தாள்.

"சார், சோதனைய நிறுத்தச் சொல்லுங்க. என் மாடல் தப்பு."

அவர் முழுவதையும் கேட்டார். கெட்டவர் இல்லை, முகம் வெளுத்துத்தான் போனது. "நாளைக்கே திருத்திடுவோம்மா. ஆனா அங்க டாக்டர் இருக்காங்க, நர்ஸ் இருக்காங்க, பக்கத்துலயே சர்க்கரை இருக்கு. அவங்க எல்லாரும் என்ன கண்ண மூடிக்கிட்டா இருக்காங்க? அடிக்கடி எப்படி இருக்குன்னு கேப்பாங்க. ஏதாவதுன்னா அவரே சொல்லிடுவாரே."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் அவளுக்கு உயிரே போனது. கேட்பார்கள். நல்லா இருக்கீங்களா என்று கேட்பார்கள். அவன் "சரி" என்பான். எல்லோரும் நிம்மதியாக அடுத்த வேலையைப் பார்ப்பார்கள்.

"நீ உள்ள போனா சோதனையே செல்லாமப் போயிடும்," என்றார் தலைவர்.

"போகட்டும் சார்," என்றாள். ஆகட்டும் என்று சொல்ல அவர் வாய் திறப்பதற்குள் மாடிப்படியில் பாதி இறங்கியிருந்தாள்.

ஆஸ்பத்திரி தெருவின் மறுமுனையில். ஓடி எவ்வளவோ காலமாகிவிட்ட கால்கள். ஒரு செருப்பின் வார் அறுந்தது. அதைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். உள்ளே லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக நின்று நின்று வந்துகொண்டிருந்தது. கதவு நடுவில் திறக்காது என்று மட்டும்தான் ஒருகாலத்தில் நிரூபித்திருந்தாள். சீக்கிரம் வரும் என்று யாரும் நிரூபிக்கவில்லை. படியில் ஏறினாள். ஒவ்வொரு படியிலும் அவளுக்குள் ஒரே கேள்வி அடித்துக்கொண்டது. ஒருவேளை, ஒருவேளை, ஒருவேளை.

வார்டு வாசலில் வரவேற்பாளர் கையை நீட்டித் தடுத்தாள். "நீங்க யாரு? சொந்தமா?"

"ஆமா. தங்கச்சி."

"சொந்தக்காரங்க போகக் கூடாதும்மா."

"தெரியும்," என்று சொல்லிக்கொண்டே கதவைத் தள்ளினாள்.

உள்ளே எல்லாம் அமைதியாக இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. அண்ணன் நகராத சைக்கிளில் உட்கார்ந்து சீராக மிதித்துக்கொண்டிருந்தான். முகத்தில் வியர்வை இல்லை, கையில் நடுக்கம் இல்லை. பக்கத்துத் திரையில் சர்க்கரை அளவு பச்சை நிறத்தில் நல்லபடியாகவே இருந்தது. நர்ஸ் குனிந்து, "நல்லா இருக்கீங்களா? இன்னும் கொஞ்ச நேரம் மிதிக்கலாமா?" என்று கேட்டாள். அண்ணன் இனிமையாகத் தலையாட்டினான்.

"டாக்டர், நிறுத்துங்க! அவருக்கு இறங்குது!"

வார்டு டாக்டர் திரும்பினாள். இளம் வயது, பொறுமையான முகம். "நீங்க யாரு? இங்க வரக் கூடாது. அளவு நல்லாத்தானே இருக்கு, பாருங்க."

"அது பழைய அளவு. சென்சார் பின்னாடி வருது. விரல்ல குத்திப் பாருங்க."

"சைக்கிள் முடிஞ்சதும் குத்துவோம். நீங்க முதல்ல வெளிய போங்க."

விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. தங்கை அண்ணனின் முன்னால் போய் நின்றாள். அவன் அவளைப் பார்த்தான். ஏன் உள்ளே வந்தாய், யாரைக் கேட்டு வந்தாய், என் சோதனையைக் கெடுக்க உனக்கு யார் அதிகாரம் கொடுத்தது என்றெல்லாம் அவன் கத்தியிருக்க வேண்டும். கத்தினால் அவள் அந்த இடத்திலேயே மன்னிப்புக் கேட்டுவிட்டு, வேலை போனாலும் பரவாயில்லை என்று சிரித்துக்கொண்டே வெளியே போயிருப்பாள்.

"அண்ணா, கீழ எறங்கு."

"சரி," என்றான். மிதித்துக்கொண்டே இருந்தான்.

டாக்டர் அதைக் கேட்டு, "பாருங்க, தெளிவாத்தான் பேசறார்" என்றாள்.

தங்கை அண்ணனை இன்னும் நெருங்கிப் போனாள். வேண்டுமென்றே குரலை உயர்த்தினாள். "அண்ணா, நீ ஒரு மக்கு மெக்கானிக். உனக்கு ஸ்குரூ டிரைவர் புடிக்கவே தெரியாது. நீ கை வெச்ச பிரிட்ஜ் ஒண்ணுகூட உருப்பட்டதில்ல. ஆமாவா இல்லையா?"

அவன் புன்னகைத்தான். சீட்டாடிய அன்று புன்னகைத்த அதே மாதிரி. "சரி," என்றான்.

டாக்டரின் முகம் மாறியது. காலையில் ரொட்டிக்காக நர்சைப் பிடிபிடி என்று பிடித்த ஆள்தானே இவர் என்று அவளுக்கும் அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். ஊசியை எடுத்து விரலில் குத்தினாள். கருவியில் வந்த அளவைப் பார்த்ததும் குளுக்கோஸை எடுக்கச் சொல்லி நர்சுக்குக் கை காட்டினாள். திரையில் இருந்ததற்கும் கையில் இருந்ததற்கும் சம்பந்தமே இல்லை. அதற்குள் அண்ணனின் கால் மிதியிலிருந்து வழுக்கியது. உடம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. தங்கை கையிலிருந்த செருப்பை எறிந்துவிட்டு அவனைத் தாங்கினாள். டாக்டரும் நர்சும் சேர்ந்து அவனைத் தரையில் படுக்க வைத்து, பம்பைக் கழற்றி, நரம்பில் குளுக்கோஸ் ஏற்றினார்கள்.

அந்த நேரத்தில் அவளுக்கு வேண்டுதல் எதுவும் வாயில் வரவில்லை. தன் மாடல், தலைவர், வேலை எதுவும் நினைவில் இல்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவன் காதருகில் வாயை வைத்து, திட்டு திட்டென்று திட்டிக்கொண்டிருந்தாள். கஞ்சன், முசுடு, முட்டாள். எதற்காவது எழுந்து சண்டைக்கு வர மாட்டானா என்ற நப்பாசை.

கண் இமை அசைந்தது. உதடு பிரிந்தது. நர்ஸ் குனிந்து, "இப்ப பரவாயில்லையா?" என்று கேட்டாள்.

"இல்ல," என்றான் அண்ணன். பிறகு தலையைத் திருப்பித் தங்கையை முறைத்தான். "யாருடி மக்கு மெக்கானிக்?"

அவள் தரையிலேயே உட்கார்ந்து, டாக்டர், நர்ஸ், வாசலில் வந்து நின்ற வரவேற்பாளர் எல்லோர் முன்னாலும் ஓவென்று அழுதாள். யாரும் அவளை வெளியே போகச் சொல்லவில்லை.

கொஞ்சம் தெளிந்ததும் அவனை நிமிர்த்தி உட்கார வைத்து, கையில் பழச்சாறு கொடுத்தார்கள். தங்கை பக்கத்தில் உட்கார்ந்து, மறைக்காமல் சொன்னாள்.

"நான் தப்பா கணக்கு போட்டுட்டேண்ணா. உன் உடம்ப வெச்சுப் போடாம புத்தகத்த வெச்சுப் போட்டுட்டேன். நீ என்ன நம்பித்தானே வந்த."

"தப்பெல்லாம் ஒண்ணுமில்ல."

"தப்புதாண்ணா. நீ செத்திருப்ப."

"இல்லைங்கறேன். செத்தா போயிட்டேன்? நீதான் வந்துட்டியே. திருத்திப் போடு. அடுத்த தடவையும் நான்தான் வருவேன்."

"வர வேணாம்."

"வருவேன்டி. வேற எவனாவது வந்து, அவனுக்கு உன்ன மாதிரி ஒருத்தி இல்லாம போயிட்டா? நல்லா திருத்திப் போடு, நான் வரேன்."

ஒருவேளை என்கிற கேள்வியை அவன் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. அழுது களைத்த குரலில், தலையைக் குனிந்துகொண்டு, "சரிண்ணா" என்றாள்.

அண்ணன் திடுக்கிட்டு அவள் முகத்தைப் பிடித்து நிமிர்த்திப் பார்த்தான்.

"ஏய், நீ என்னடி சரிங்கற?" என்று பதறி, தான் பாதி குடித்த பழச்சாற்றை அவள் வாயில் வைத்தான். "இந்தா, குடி. முதல்ல இதக் குடி."